செப்டம்பர் முப்பத்தொன்று

ஆகஸ்ட் 21

இந்த டைரியில் செப்டம்பருக்கு முப்பத்தொரு நாள். அப்பா வேலை பார்க்கும் அச்சகத்தில் இரண்டாயிரம் பிரதி அடித்து, பைண்டிங்கும் முடிந்த பிறகுதான் யாரோ எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். ஊருக்கெல்லாம் காலண்டரும் டைரியும் அடித்துக் கொடுக்கும் சிவகாசியில் இப்படி ஒரு தப்பு நடப்பதே பெரிய சாதனை. புரூஃப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர் காளிராஜன். என் அப்பா. தண்டனையாக நாற்பது டைரிகள் எங்கள் வீட்டுக்கு வந்தன. ஒன்றை அம்மா கிரைண்டர் ஆடாமல் இருக்க முட்டுக் கொடுத்திருக்கிறாள். இன்னொன்று இது. எட்டு மாதமாக எழுத ஒன்றும் இல்லை. இன்று இருக்கிறது. அப்பா தோற்றார்.

எங்கள் விளையாட்டுக்கு ஒரே விதிதான். மற்றவருக்குத் தெரியாமல் எதையாவது செய்து வைக்க வேண்டும். அது கண்ணில் பட்டு வாயைத் திறந்தவர் தோற்றவர். நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது தொடங்கியது. அப்பாவின் கண்ணாடியில் ஒரு பக்கம் மட்டும் செலோடேப் ஒட்டினேன்; மூன்று நாள் அதோடு மெஷின் ஓட்டினார். என் கணக்குப் புத்தகத்துக்கு 'நாற்பது நாளில் நாட்டுக்கோழி' என்று அட்டை அடித்து பைண்ட் பண்ணிக் கொடுத்தார். ஒரு பருவம் முழுக்க அதைப் பள்ளிக்குக் கொண்டுபோனேன். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. ஸ்கோர் சமையலறைக் கதவின் உள்பக்கம், கிழித்த காலண்டர் தாளில் இருக்கிறது.

இன்று காலை குளித்துவிட்டு வந்த அப்பா இடது காலைத் தூக்கி முக்காலியில் வைத்தார்.

"சரி தாயி, தோத்துட்டேன். அழிச்சு விட்டுரு."

"எதைப்பா?"

"குதிகால்ல வச்சியே, அந்தப் பொட்டை. மே மாசத்துல இருந்து பொறுத்துப் பாக்கேன். போவேனாங்குது."

குதிகாலில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கருப்புப் பொட்டு இருந்தது. அது நான் வைத்தது இல்லை. (ஜனவரி விஷயம் வேறு. அது எப்போதோ அழிந்திருக்கும்.) ஆனால் ஒரு மனிதர் தானாக வந்து பாயிண்ட் கொடுக்கும்போது முகவரிச் சான்று கேட்பது மரியாதை இல்லை.

"அது அழியாதுப்பா. ஸ்பெஷல் மை. ஒரு மாசத்துல தானா போயிரும்."

"எங்க வாங்குன?"

"தொழில் ரகசியம்."

நான் 38, அப்பா 40.

ஆகஸ்ட் 27

அப்பா மெஷின் கழுவும் திரவத்தால் பொட்டைத் துடைத்துப் பார்த்தார். போகவில்லை. மண்ணெண்ணெய்க்கும் போகவில்லை. தொழில்முறை மரியாதையோடு என்னிடம் வந்தார்.

"கம்பெனிப் பேரையாவது சொல்லு. முதலாளிகிட்டச் சொன்னா அவரு டின் கணக்குல வாங்குவாரு."

யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன்.

செப்டம்பர் 2

வேதியியல் மாதத் தேர்வு. 41. அந்தப் பாடத்தோடு எனக்கு வினை எதுவும் கிடையாது. எதிர்வினை மட்டும்தான்.

செப்டம்பர் 5

அம்மா பொறுமை இழந்து, தன் கால் தேய்க்கிற கல்லால் அப்பாவின் குதிகாலைத் தேய்த்தாள். கொஞ்சம் ரத்தம் வந்தது.

"ஏங்க, மைக்குள்ள இருந்து ரத்தம் வருமா?"

"நல்ல கம்பெனி மை போல" என்றார் அப்பா.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். சாப்பிட முடியவில்லை. காரணம் கத்திரிக்காய்.

செப்டம்பர் 9

அச்சகத்துக்கு விடுமுறை. அப்பா மத்தியானம் பாயில் குப்புறப் படுத்துத் தூங்கினார். அவர் பையிலிருந்து, அச்சில் புள்ளி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கிற லென்ஸை எடுத்தேன். என் பெயரில் இருக்கும் பொட்டு, நானும் ஒருமுறை பார்க்க வேண்டாமா.

இது அச்சகக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே தெரிகிற விஷயம்: கையில் மை பட்டால் அது ரேகையின் பள்ளத்தில்தான் தங்கும். மேட்டில் இருப்பதைத் துணி துடைத்து எடுத்துவிடும். அப்பாவின் குதிகாலில் நேர்மாறாக இருந்தது. மேடுகள் கருப்பு. பள்ளங்கள் வெள்ளை வெளேரென்று சுத்தம். ஓரம் ஒரு பக்கம் பிசிறடித்து, ஒரு பக்கம் நீலம் கலந்திருந்தது. லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். லென்ஸைத் திருப்பிப் பிடித்தும் பார்த்தேன்.

அப்பாவை எழுப்பினேன்.

"ப்பா, அது என்னோடது இல்ல."

"எது?"

"பொட்டு. நான் வைக்கல. சும்மா பாயிண்டுக்காகச் சொன்னேன்."

அப்பா ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "நல்லா இருக்கு. இப்ப என்னைய ஆஸ்பத்திரிக்கு ஓட வைக்கணும். அதுக்கு ஒரு பாயிண்ட். போ, போயி டீயப் போடு."

எத்தனை முறை சொன்னாலும் அவர் முகத்தில் சிரிப்பு கூடிக்கொண்டே போனது. ஐந்து வருஷத்தில் நான் சம்பாதித்த பெயர் அப்படி. கடைசியில் அம்மாவின் போனை லென்ஸ் மேல் வைத்துப் படம் எடுத்து அவர் கையில் கொடுத்தேன். விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். முப்பது வருஷமாக மையோடு இருப்பவர். சிரிப்பு மெதுவாக இறங்கியது.

"மை மேட்டுல நிக்காதே" என்றார்.

டீ போடுவதை இரண்டு பேரும் மறந்துவிட்டோம்.

செப்டம்பர் 11

தோல் டாக்டர் இளவழகன். அவரிடமும் லென்ஸ் இருக்கிறது. விளக்கு வைத்த லென்ஸ். அதால் பார்த்துவிட்டு நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப்போட்டுக்கொண்டார்.

"எத்தனை நாளா இருக்கு?"

"ஒரு பத்து நாளாத்தான் கண்ணுல படுது, சார்" என்றார் அப்பா.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த சொறி சிரங்கு படத்தைப் பார்த்தேன். அந்தப் படத்தில் இருந்தவர் என்னைப் பார்த்தார்.

சின்னத் துண்டு வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டுமாம்.

செப்டம்பர் 12

துண்டு எடுத்தாகிவிட்டது. அப்பா ஒற்றைச் செருப்போடு வேலைக்குப் போனார். காலண்டர் சீசன். லீவு கேட்டால் முதலாளிக்குத்தான் முதலில் ஆபரேஷன் செய்ய வேண்டி வரும்.

செப்டம்பர் 18

ரிப்போர்ட் வந்தது. சந்தேகமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறது. இதை நானே சொல்லியிருப்பேன், பதினெட்டு வார்த்தையில் சொல்லியிருக்க மாட்டேன், அவ்வளவுதான்.

டாக்டர் விளக்கினார். தோலுக்கு நிறம் கொடுக்கிற அணுக்கள் சில சமயம் கட்டு மீறிப் பெருகும். அதற்கு மெலனோமா என்று பெயர். புற்றுநோய். நம் பக்கத்துக்காரர்களுக்கு வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலில் வரும். சாதாரணச் சாயம் போட்டுப் பார்த்ததில், சதைக்குள் தெரிகிற அணுக்கள் அந்த வகையா வேறு வகையா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதற்கு மதுரையில் ஒரு லேபில் ஆன்டிபாடி வைத்துச் சோதனை செய்வார்கள்.

"வெட்டி எடுத்த துண்டை மெழுகுல பதிச்சு வச்சிருப்பாங்க. அந்த பிளாக்கை நீங்களே வாங்கி, நீங்களே கொண்டுபோய்க் கொடுத்துருங்க. அதான் சீக்கிரம்."

செப்டம்பர் 19

பள்ளிக்கு லீவு. காரணம் என்று எழுதும் இடத்தில் 'அப்பாவை மதுரைக்குக் கொண்டுபோக வேண்டும்' என்று எழுதினேன். அப்பா அச்சகத்தில் இருந்தார். நான் கொண்டுபோனதும் அப்பாதான்.

ஒரு சின்ன பிளாஸ்டிக் சட்டம், தீப்பெட்டியில் பாதி. அதில் வெள்ளை மெழுகு. மெழுகின் நடுவில் எள் அளவுக்கு அப்பா. வெயில் படக்கூடாது, உருகிவிடும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அம்மா அதை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, டிபன் பாக்ஸின் மேல் அடுக்கில் வைத்தாள். கீழ் அடுக்கில் தயிர்சாதம். நானும் அவளும் பஸ் ஏறினோம். விருதுநகர் தாண்டியதும் எனக்குப் பசித்தது. கேட்கவில்லை.

லேபில் சோதனை செய்கிறவர் பர்வீன் அக்கா. முப்பது வயது இருக்கும். விரல் நுனிகளில் நீலச் சாயம். எங்கள் ஊரில் பார்த்தால் அச்சகக்காரி என்று நினைப்பேன். நான் கேட்ட கேள்விகளில் பாதிக்கு மேல் பதில் சொன்னார்.

"இதைத் தலைமுடியவிட மெலிசாச் சீவிக் கண்ணாடில ஒட்டுவேன். மேல ஆன்டிபாடிய விடுவேன். அது ஒரே ஒரு ஆளைத் தேடிப் போற சம்மன் மாதிரி. அந்த ஆள் இருந்தா ஒட்டும், இல்லைன்னா கழுவும்போது போயிரும். ஒட்டின எடத்துல மட்டும் கலர் வர்ற மாதிரி இன்னொரு மருந்து விடுவோம்."

"எத்தனை சம்மன்?"

"மூணு. எஸ்-100 ஊரையே சந்தேகப்படும். நெற அணுவையும் புடிக்கும், நரம்பையும் புடிக்கும். மெலன்-ஏ, ஹெச்எம்பி-45 ரெண்டும் ஆளைப் பாத்துத்தான் கைய வைக்கும்."

"மூணும் ஒட்டிச்சுன்னா புத்துநோயா?"

"அப்படிச் சொல்ல முடியாது. இது நெற அணு, இன்ன எடத்துல நிக்குதுன்னு மட்டும் காட்டும். நிக்கக் கூடாத எடத்துல நிக்குதான்னு பாத்து டாக்டர்தான் சொல்லுவாரு. நல்ல மச்சத்துக்கும் ஒட்டும்ல."

வழக்கமாகப் பிரவுன் கலர்தான் போடுவார்களாம். அப்பாவின் பொட்டு அதுவே பிரவுனாக இருப்பதால் எது பொட்டு, எது சாயம் என்று தெரியாது. அதனால் சிவப்பு.

இன்னொன்றும் சொன்னார். ஒவ்வொரு முறையும் அப்பாவின் சதை ஒட்டிய கண்ணாடி ஸ்லைடோடு இன்னொரு ஸ்லைடும் போகும். அதில் இருப்பது ஏற்கெனவே மெலனோமா என்று உறுதியான வேறொருவரின் சதை. அது சிவப்பானால்தான் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம்.

"அது யாரோடது?"

"பேரு கிடையாது. நம்பர் மட்டும்தான்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் தயிர்சாதம் சாப்பிட்டோம். வீட்டில் சிவப்பு விஷயத்தைச் சொன்னேன். அப்பா ஒப்புக்கொண்டார். "பிரவுன் மேல பிரவுன் அடிச்சா எவனுக்குத் தெரியும். வெவரமான பொண்ணு."

செப்டம்பர் 24

ஐந்து நாளாகப் பதில் இல்லை. அம்மா பூஜை அறையில் ஒரு நாளைக்கு இரண்டு ஷிப்ட் பார்க்கிறாள். நான் வேறு வழியைப் பார்த்தேன். அம்மாவின் போனை எடுத்து, மூக்கைப் பாதி மூடிக்கொண்டு லேபுக்குப் போன் செய்தேன்.

"சிவகாசி டாக்டர் இளவழகன் கிளினிக்ல இருந்து பேசுறேன். காளிராஜன் கேஸ் என்னாச்சு?"

வரவேற்பில் இருந்த பையன் புதியவன் போல. உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்தான்.

"இன்னிக்குப் போட்டுட்டாங்க மேடம். காளிராஜன் ஸ்லைடுல கலர் எடுக்கலையாம். மூணுலயுமே."

கலர் இல்லை. ஆள் இல்லை. சம்மன் திரும்பிவிட்டது.

அப்பாவிடம் சொன்னேன். எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. அச்சகத்துக்கே போன் போட்டுச் சொன்னார். மெஷின்மேன் வடிவேல் அண்ணன் ஒரு கிலோ காராச்சேவோடு வந்தார். அம்மா கேசரி கிண்டினாள். அப்பா என் தலையில் கையை வைத்து, "வெறும் பொட்டுக்கு இவ்வளவு அலப்பறை" என்றார். நான் இரண்டு முறை கேசரி வாங்கிக்கொண்டேன்.

செப்டம்பர் 25

அம்மாவின் போனுக்குப் பர்வீன் அக்கா பேசினார். அம்மா என்னிடம் கொடுத்தாள்.

"நேத்து ஒரு கிளினிக்ல இருந்து போன் வந்துச்சாம். நம்பரப் பாத்தா உங்க ஃபார்ம்ல இருக்குற நம்பர்."

"ஆமாக்கா."

"அந்தப் பையன் பாதியத்தான் சொன்னான். உங்கப்பா ஸ்லைடுல கலர் வரல, சரி. கூடப் போன ஸ்லைடுலயும் வரல."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"அந்த ஆளுக்கு நிச்சயமா நோய் இருக்குன்னு எங்களுக்குத் தெரியும். அவரையே காட்டலைன்னா மருந்து வேலை செய்யலைன்னு அர்த்தம். கலர் வர வைக்கிற மருந்து கெட்டிருக்கு. மொத்தத்தையும் தூக்கிப் போட்டுட்டேன். புதுசு வந்ததும் மறுபடி போடுறேன். அதனால இப்ப உங்கப்பாவுக்கு இருக்குன்னும் இல்ல, இல்லைன்னும் இல்ல. வெளங்குதா?"

விளங்கியது.

"இனிமே போன் பண்ணுனா ஒன் சொந்தக் குரல்ல பண்ணு. நான் எடுக்கேன்."

அப்பாவிடம் நானே சொன்னேன். தட்டில் மிச்சம் இருந்த காராச்சேவைப் பார்த்தார். "நமுத்துப்போகும், மூடி வையி" என்றார்.

செப்டம்பர் 26

காராச்சேவு நமுத்துப்போனது.

செப்டம்பர் 28

பெயர் தெரியாத அந்த நம்பர்காரரைப் பற்றி யோசித்தேன். ஆணா பெண்ணா, இப்போது எப்படி இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. அவர் சிவப்பானால்தான் என் அப்பாவை நம்ப முடியும். அம்மா சாமி கும்பிடும்போது பின்னால் நின்றேன். சிபாரிசுக் கடிதம் போல அவரையும் சேர்த்துக்கொண்டேன்.

செப்டம்பர் 30

இந்த முறை நம்பர்காரர் சிவந்தார். அப்பாவும்.

டாக்டர் இளவழகன் ரிப்போர்ட்டில் இருந்த கலர்ப் படத்தை எங்கள் பக்கம் திருப்பினார். நீல நிறத் தரை. அதில் சிவப்புப் புள்ளிகள்.

"சிவப்பா இருக்கறதெல்லாம் நிற அணு. இதெல்லாம் இந்த ஓரத்துல, அடி வரிசையில, அங்கொண்ணு இங்கொண்ணுன்னு நிக்கணும். இங்க பாருங்க, கூட்டமா மேல ஏறியிருக்கு. நாலஞ்சு கீழயும் எறங்கியிருக்கு."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"ரெஜிஸ்டர் அவுட்டு" என்றார்.

டாக்டருக்குப் புரியவில்லை. நான் சொன்னேன்: அச்சில் ஒரு நிறம் விழவேண்டிய இடத்தில் விழாமல் தள்ளி விழுவது.

"ஆமா. அதேதான்" என்றார் டாக்டர். பிறகு அந்தப் பெயரைச் சொன்னார். இந்த முறை 'இருக்கலாம்' சேர்க்கவில்லை.

மதுரையில் அறுவை சிகிச்சை டாக்டருக்குக் கடிதம் எழுத ஆரம்பித்து, நிமிர்ந்தார்.

"எத்தனை நாளாப் பாக்குறீங்க? சரியாச் சொல்லுங்க."

"ஒரு மாசம் இருக்கும், சார்" என்றார் அப்பா. என் பக்கம் திரும்பவே இல்லை.

ஐந்து மாதம் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

செப்டம்பர் 31

இப்படி ஒரு நாள் கிடையாது. அதனால் இதில் எழுதுவது எங்கும் சேராது.

ஜனவரியில், பொங்கலன்று மத்தியானம், அப்பா தூங்கும்போது அவருடைய இடது குதிகாலில் ஒரு பொட்டு வைத்தேன். அச்சக மை, தீக்குச்சி நுனி. நாலைந்து நாளில் அழிந்துவிட்டது. அவர் அதைப் பார்த்திருக்க வேண்டும். அதனால்தான் மே மாதம் அதே இடத்தில் ஒன்று வந்தபோது, அதுவும் நான்தான் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்தார். அவருக்கு வேறு யாராவது பிள்ளையாக இருந்திருந்தால் மே மாதமே டாக்டரிடம் போயிருப்பார்.

நாலு மாதம் பொறுத்துவிட்டு ஆகஸ்ட் 21 அன்று அவரே கேட்டார். 'நான் வைக்கவில்லை.' இரண்டே சொல். ஒரு பாயிண்டுக்காக நான் அதைச் சொல்லவில்லை. ஸ்பெஷல் மை என்றேன். ஒரு மாதத்தில் போய்விடும் என்றேன். அவர் நம்பினார். பத்தொன்பது நாள் அந்த நாலைந்து சிவப்புப் புள்ளிகள் இறங்கிக்கொண்டிருந்தன. அவர் என்னிடம் கம்பெனிப் பெயர் கேட்டுக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 9 அன்றுகூட 'அது என்னோடது இல்லை' என்று மட்டும்தான் சொன்னேன். ஜனவரியை விட்டுவிட்டேன்.

டாக்டர் கேட்கும்போதெல்லாம் அப்பா பொய் சொல்கிறார். எனக்காகச் சொல்கிறார்.

கதவில் 38ஐ அடித்து 37 என்று எழுதினேன்.

அக்டோபர் 1

காலையில் அப்பா தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனவர் கதவைப் பார்த்துவிட்டார்.

"இது யாரு மாத்துனது?"

விதிப்படி வாயைத் திறந்தவர் தோற்றவர். நான் அதைச் சுட்டிக்காட்டவில்லை. டைரியை நேற்றைய, அதாவது இல்லாத, பக்கத்தில் திறந்து நீட்டினேன்.

அப்பா ஒற்றைக் காலில் சாய்ந்து நின்றே படித்தார். அம்மா இட்லிச் சட்டியை இறக்கினாள். அவர் இரண்டாம் முறை படித்தார். அச்சகக்காரர்கள் அப்படித்தான், ஒரு முறைக்கு இரண்டு முறை.

"ஜனவரிப் பொட்டா? நான் பாக்கவே இல்லையே" என்றார்.

"பாக்கலையா?"

"கால்ல மை இல்லாத நாள் எது எனக்கு?"

"அப்ப மே மாசத்துல எப்படி நான்தான் வச்சேன்னு நெனச்சீங்க?"

"இந்த வீட்டுல வேற எவ இருக்கா?"

இதை ஆறுதலாக எடுத்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

அப்பா பக்கத்தின் மேலே அச்சடித்திருந்த தேதியில் விரலை வைத்தார். "இந்த முப்பத்தொண்ணு என் கண்ணு முன்னாலதான் இருந்துச்சு. ரெண்டு தடவ பாத்தேன். சரின்னு கையெழுத்துப் போட்டேன். அதையும் ஒம் பேர்ல எழுதிக்கிறியா?"

"அது வேறப்பா."

"பொட்டும் என் கால்லதான் இருந்துச்சு. நாலு மாசமும் பாத்தேன். எவ்வளவு நாள் நீ தாங்குறன்னு பாப்போம்னு இருந்தேன், கிறுக்குப்பய." இது அவர் தன்னைச் சொன்னது. "அந்தப் பத்தொம்பது நாளு ஒன்னோடது. மத்ததெல்லாம் என்னோடது. அதுல பங்குக்கு வராத."

பத்தொன்பது என்னுடையது என்று அவர் சொன்னது எனக்கு எப்படியோ நல்லதாக இருந்தது. 'பரவாயில்லை, விடு' என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

அம்மா இட்லியை வைத்துவிட்டு, "ரெண்டு பேரும் ஒரே அச்சு" என்றாள். பாராட்டு மாதிரி இல்லை.

அக்டோபர் 4

மதுரை. அறுவை சிகிச்சை டாக்டர். அதே கேள்வி. அப்பா என்னைப் பார்த்தார்.

"மே மாசத்துல இருந்து" என்றேன்.

"நான் பாத்துட்டுச் சும்மா இருந்தேன், டாக்டர்" என்றார் அப்பா.

"ஏன்?"

"பந்தயம்."

டாக்டர் பேனாவைத் திறந்தார். எட்டிப் பார்த்தேன். 'ஐந்து மாதம்' என்று மட்டும் எழுதினார்.

"டாக்டர், பத்தொம்பது நாள்ல அது எவ்வளவு எறங்கும்?"

"அதை அளக்க ஸ்கேல் கிடையாதும்மா. எடுத்த பிறகு மொத்தமா எவ்வளவு ஆழம்னு அளப்போம். அதுதான் கணக்கு. ஒரு மில்லிமீட்டருக்குள்ள இருந்தாச் சந்தோஷப்படலாம்."

அக்டோபர் 9

அப்பாவின் குதிகாலில் பொட்டையும் சுற்றி ஒரு சென்டிமீட்டர் நல்ல தோலையும் எடுத்தார்கள். தொடையில் இருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். மயக்கம் தெளிந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, வெட்டி எடுத்ததை யார் பஸ்ஸில் கொண்டுபோவது என்பது.

இந்த முறை லேபில் இருந்தே ஆள் வந்து வாங்கிக்கொண்டார்கள். அம்மாவின் டிபன் பாக்ஸுக்கு ஓய்வு.

அக்டோபர் 12

என் சொந்தக் குரலில் பர்வீன் அக்காவுக்குப் போன் செய்தேன். "இன்னும் இல்ல" என்றார். நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

அக்டோபர் 14

"இன்னும் இல்ல."

அக்டோபர் 17

பர்வீன் அக்காவே கூப்பிட்டார்.

"டாக்டர் கையெழுத்துப் போட்டுட்டாரு, அதான் சொல்றேன். வெட்டுன ஓரத்துல எங்கயும் சிவப்பு இல்ல. கூடப் போன ஸ்லைடு நல்லாச் செவந்துருக்கு, அதனால நம்பலாம். ஆழம் புள்ளி ஏழு மில்லிமீட்டர்."

அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு எல்லா அளவும் காகிதத்தில்தான் புரியும். அலமாரியில் இருந்து முன்னூறு ஜிஎஸ்எம் கனத்தில் கல்யாணப் பத்திரிகை அட்டை இரண்டை எடுக்கச் சொன்னார். ஒன்றின் மேல் ஒன்று வைத்து, விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார்.

"இவ்வளவுதான்."

அந்த இரண்டு அட்டையையும் ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன். பிரித்தால் ஒன்று. சேர்த்தால் இரண்டு. இதில் என் பத்தொன்பது நாள் எத்தனை தாள் என்று எனக்குத் தெரியாது. ஒரு அட்டையில் கணபதி துணை என்று இருந்தது. கல்யாணம் போன தை மாதமே முடிந்துவிட்டது.

இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்ட வேண்டும். உடம்பு முழுக்கப் பார்ப்பார்கள்.

நவம்பர் 3

ஸ்கேனில் வேறு எங்கும் ஒன்றும் இல்லை. அம்மா பூஜை அறையில் ஒரு ஷிப்டைக் குறைத்துவிட்டாள்.

நவம்பர் 15

அப்பா வேலைக்குப் போனார். அச்சகத்தில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். புரூஃப் மட்டும் பார்த்தால் போதும் என்றாராம் முதலாளி. அடுத்த வருஷ டைரி. செப்டம்பரை விரல் விட்டு மூன்று முறை எண்ணினாராம்.

நவம்பர் 22

காலை ஆறு பத்து. எழுந்து கால் அலம்பும்போது பார்த்தேன். என் இடது குதிகாலில் ஒரு கருப்புப் பொட்டு.

பழைய நானாக இருந்தால் இதைத் தீபாவளி வரை, அதாவது அடுத்த தீபாவளி வரை, தாங்கியிருப்பேன்.

"ப்பா, பாத்துட்டேன்" என்று குளியலறையில் இருந்தே சொன்னேன். "குதிகால்ல பொட்டு. தோத்துட்டேன்."

கூடத்தில் ஊன்றுகோலின் சத்தம் கேட்டது. "அதுக்குள்ளயா? நீ ஒரு வாரமாவது தாங்குவன்னு ஒங்கம்மாகிட்டச் சொல்லியிருந்தேன்."

"அம்மாவும் கூட்டா?"

"பின்ன, இந்தக் காலோட நான் எப்படிக் கீழ உக்காருவேன்?"

அம்மா அடுப்படியில் எதையோ மும்முரமாகத் தேடினாள்.

நான் முக்காலியில் உட்கார்ந்து, அப்பாவின் பையில் இருந்து லென்ஸை எடுத்துக் குதிகாலில் வைத்துப் பார்த்தேன். அப்பா கதவோரம் வந்து நின்றார். நான் பார்த்து முடிக்கும்வரை நகரவில்லை.

மை பள்ளத்தில்தான் இருந்தது. மேடுகள் சுத்தம்.

அப்பா 41, நான் 37.